காய், பழம், முறை: பலகை ஆட்டம் சிகிச்சை அறைக்கு வந்து சேர்ந்த வரலாறு

சற்று நீண்ட பதிவு. மொழியியல், உளவியல், நாட்டார் வழக்காற்றியல் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். பொறுமையாக வாசித்து, இறுதியில் நான் கேட்டிருப்பதற்கு விடையளித்தால் மகிழ்வேன்.

பெங்களூரில் அடுகோடியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த குழந்தைகள் உளநல நிலையங்கள் பலவற்றில் லூடோ, பாம்பும் ஏணியும் ஆகிய இரண்டு பலகை ஆட்டங்களைக் காணலாம். பிறர் ஆடி முடிக்கும்வரை காத்திருத்தல், எதிரில் இருப்பவரின் முகத்தைக் கவனித்தல், வேண்டியதைப் பறிக்காமல் கேட்டுப் பெறுதல், தோல்வியைத் தாங்குதல் ஆகிய சமூகத் திறன்களைக் குழந்தைக்குப் பழக்க, நடத்தைச் சிகிச்சையாளர்கள் இவற்றைப் பயன்படுத்துகின்றனர். இவ்விரண்டு ஆட்டங்களும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்று, வேறு பெயரும் வேறு நோக்கமும் பெற்றுத் திரும்பி வந்தவை. அந்தப் பயணத்தில் பலகை ஏறத்தாழ அப்படியே இருந்தது. அதைக் கொண்டு என்ன கற்பிக்கலாம் என்ற எண்ணம் மட்டும் மும்முறை மாறியது. அம்மாற்றங்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து அடுகோடி போன்ற பன்மொழிப் பகுதியின் குழந்தைகளுக்கு என்ன பயன் என்று கேட்பதே இப்பதிவின் நோக்கம்.

*பலகை அறம் போதித்த காலம்*

தமிழ் நிலத்தில் பலகை ஆட்டத்தின் தொன்மைக்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கீழடி அகழாய்வில் பகடைக்காய்களும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவை அண்மைக்காலம் வரை திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் ஆடப்பட்டன. மண்டபத் தரைக்கற்களில் வெட்டப்பட்ட கட்டங்களை இன்றும் பல ஊர்களில் பார்க்கலாம். இவற்றைத் தொகுத்து நோக்கிய தமிழ் நூல்களுள் ஞா. தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ முன்னோடியானது. அது வெளிவந்த ஆண்டு 1954. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் வி. பாலாம்பாள் இத்துறையில் விரிவாக உழைத்தார்.

இவ்வாட்டங்களுள் வெளிப்படையாகக் கற்பிக்கும் நோக்குடையது பரமபத சோபன படம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடப்படும் இப்படத்தில் ஏணி புண்ணியத்தையும் பாம்பு பாவத்தையும் குறிக்கும். உச்சியில் இருப்பது பரமபதம். பழைய இந்தியப் பலகைகள் பலவற்றில் ஏணிகளைவிடப் பாம்புகளே மிகுதி. வீழ்ச்சி எளிது, ஏற்றம் அரிது என்னும் கருத்தைப் பலகையே சொல்லிவிடுகிறது. ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை, உருட்டினால் போதும்.

கன்னட நாட்டிலும் இம்மரபு வளமானது. மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) பலகை ஆட்டங்களில் பேரார்வம் கொண்டவர். அவர் பெயரால் வழங்கும் ‘ஸ்ரீதத்துவநிதி’ என்னும் ஒன்பது பகுதித் தொகுப்பில் இறுதிப் பகுதியாகிய ‘கௌதுகநிதி’ ஆட்டங்களைப் பற்றியது. நம் தாயத்துக்கு நெருங்கிய உறவான சௌகாபாராவும், பல்லாங்குழியின் உறவான அளகுளி மணெயும் கன்னட வீடுகளில் ஆடப்பட்டவை. ஆகவே அடுகோடியில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் தமிழ்ப் பாட்டியும் கன்னடப் பாட்டியும் ஒரே பலகையை வெவ்வேறு பெயரால் அறிந்தவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவை மேற்கே சென்றன. பச்சீசி அமெரிக்காவில் ‘பார்ச்சீசி’ என்று 1874இல் வணிகப் பெயராகப் பதிவாயிற்று. இங்கிலாந்தில் 1896இல் ‘லூடோ’ என்று காப்புரிமை பெற்றது. பரமபதம் 1890களில் இங்கிலாந்தில் பாம்பும் ஏணியுமாக விற்பனைக்கு வந்தது. பிறவிச் சுழற்சி மறைந்து, விக்டோரியா காலக் குழந்தைக்கு ஏற்ற சிக்கனமும் கீழ்ப்படிதலும் கட்டங்களில் அமர்ந்தன. 1943இல் மில்டன் பிராட்லி நிறுவனம் அமெரிக்காவில் பாம்பை நீக்கிச் சறுக்குமரத்தை வைத்தது. நற்செயல் செய்த குழந்தை ஏணியில் ஏறும், குறும்பு செய்த குழந்தை சறுக்கி விழும். வைகுண்டம் விளையாட்டுத் திடலாக மாறிய இந்த நீண்ட பயணத்தில் ஒரு கருத்து மாறவே இல்லை. பலகையில் எழுதியிருக்கும் பொருளே பாடம் என்பதுதான் அது.

*அறத்திலிருந்து பேச்சுக்கு*

அக்கருத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே. 1932இல் வெளிவந்த, குழந்தையின் ஒழுக்கத் தீர்ப்புப் பற்றிய நூலில் அவர் ஆராய்ந்தது கோலிகுண்டு ஆட்டம். கோலியில் அறக்கருத்து எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனினும் ‘இந்த விதி எங்கிருந்து வந்தது, இதை மாற்றலாமா’ என்று கேட்டபோது, குழந்தைகளின் விடைகள் வயதுக்கேற்ப மாறுவதை அவர் கண்டார். சிறு குழந்தைக்கு விதி என்பது பெரியவர்கள் தந்த, மாற்றவொண்ணாத ஒன்று. வளர்ந்த குழந்தைக்கு அது ஆடுபவர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. ஆட்டத்தின் பாடம் அதன் விதியிலும், அவ்விதியைப் பற்றிய வாக்குவாதத்திலும் இருக்கிறது என்பது அவர் காட்டிய வழி.

சிகிச்சையாளர்கள் பலகையைக் கையில் எடுத்தபோது முதலில் நாடியது வேறொன்றை. நேராகக் கேட்டால் வாய் திறவாத குழந்தையைப் பேசவைக்க வேண்டும். அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ரிச்சர்டு கார்டனர் 1973இல் ‘பேசுதல், உணர்தல், செய்தல்’ என்னும் பெயரில் ஒரு பலகை ஆட்டத்தை வெளியிட்டார். பகடை உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். நின்ற கட்டத்துக்கு ஏற்ப ஒரு சீட்டை எடுத்து, அதில் உள்ள வினாவுக்கு விடை சொல்ல வேண்டும் அல்லது சொன்னதைச் செய்ய வேண்டும். செய்தவருக்கு ஒரு வில்லை பரிசு. இங்கே ஆட்டம் ஒரு சாக்கு. சிகிச்சை பேச்சில் நடக்கிறது. 1986இல் சார்லஸ் ஷேஃபரும் ஸ்டீவன் ரீடும் தொகுத்த, ஆட்டங்களின் சிகிச்சைப் பயன் பற்றிய நூல் இப்போக்கைத் தனித்துறையாக நிலைநிறுத்தியது.

*பேச்சிலிருந்து பழக்கத்துக்கு*

இதே காலத்தில் நடத்தைச் சிகிச்சையாளர்கள் மூன்றாவது வழியை வகுத்தனர். குழந்தையின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று துருவுவதைவிட, எந்தச் செயலைச் செய்ய அது இன்னும் கற்கவில்லை என்று பார்ப்பது அவர்கள் முறை. ஆர்னால்டு கோல்ட்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் 1980இல் வெளியிட்ட திறன் பயிற்சித் திட்டத்தில் நான்கு படிகள் உண்டு: செய்து காட்டுதல், நடித்துப் பார்த்தல், எப்படிச் செய்தாய் என்று எடுத்துரைத்தல், கற்றதை வேறிடத்துக்குக் கொண்டு செல்லுதல். ‘நல்ல பிள்ளையாக இரு’ என்னும் அறிவுரையை இவர்கள் சிறு சிறு செயல்களாகப் பிரித்தனர். கை நீட்டாமல் இருத்தல் ஒரு செயல். அடுத்தவர் பகடையைப் பார்த்தல் மற்றொன்று. ‘உன் ஆட்டம்’ என்று சொல்லிப் பகடையைக் கொடுத்தல் இன்னொன்று.

இந்நோக்கில் தாயத்தைப் பிரித்துப் பார்த்தால் அதன் அமைப்பு வியப்பளிக்கும். தாயம், அதாவது ஒன்று, விழும்வரை எந்தக் காயும் இறங்காது. அதுவரை ஒருவர் வெறுங்கையுடன் தம் முறைக்காகத் திரும்பத் திரும்பக் காத்திருக்க வேண்டும். ஐந்தோ ஆறோ பன்னிரண்டோ விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஆகவே எதிராளி இருமுறை, மும்முறை உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழக வேண்டும். அது அநீதியன்று, விதிதான் என்பதை உணர வேண்டும். வெட்டுப்பட்ட காய் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். அந்த இழப்பைத் தாங்க வேண்டும். வெட்டிய குழந்தையோ, தன் மகிழ்ச்சி எதிரில் இருப்பவருக்கு வருத்தம் என்பதை முகம் பார்த்து அறிய வேண்டும். மலைக் கட்டத்தில் இருக்கும் காயை வெட்டக் கூடாது; வெறி வந்தாலும் கையை அடக்க வேண்டும்.

பல்லாங்குழி இன்னொரு வகை. ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது ‘பசு’. அக்குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். ஆடுபவர் எதிராளியாகவே இருந்தாலும் பசு குழிக்காரருக்கே. ஆகவே தன் முறை இல்லாதபோதும் பலகையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிறர் செயலில் கவனம் நிலைக்காத குழந்தைக்கு இதைவிட இயல்பான பயிற்சி அமைவது கடினம். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் சமமற்றவை. இருவரும் இடம் மாறி ஆடும்போது, ஒரே பலகை புலிக்கு ஒருவிதமாகவும் ஆட்டுக்கு வேறுவிதமாகவும் தோன்றுவதைக் குழந்தை உணர்கிறது. பிறர் நிலையில் நின்று பார்த்தல் என்று உளவியலார் சொல்வது இதுதான்.

வீட்டில் தாயம் உருட்டினால் சண்டை வரும் என்று பெரியவர்கள் கடிந்துகொள்வது உண்டு. நடத்தைச் சிகிச்சையாளருக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதுவே: சிறிய, பாதுகாப்பான, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் ஒரு சண்டை, அதில் மனத்தை அடக்கப் பழகும் வாய்ப்பு.

*முறை என்னும் சொல்*

மொழியியல் மாணவனாக எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ‘முறை’ என்னும் சொல். ‘இது என் முறை’ என்று ஆட்டத்தில் சொல்கிறோம். ‘அவர் உனக்கு என்ன முறை வேண்டும்’ என்று உறவைக் கேட்கிறோம். ‘இது முறையா’ என்று நீதியைக் கேட்கிறோம். வரிசை, உறவு, நீதி ஆகிய மூன்றும் தமிழில் ஒரு சொல்லுக்குள் உள்ளன. காத்திருத்தலை வெறும் கட்டுப்பாடாகக் கற்பதற்கும், எதிரில் இருப்பவருக்கு உரிய பங்கைத் தருவதாகக் கற்பதற்கும் வேறுபாடு உண்டு. சொல் அந்த வேறுபாட்டைத் தானே கற்றுக்கொடுத்துவிடாது. ஆனால் ஆசிரியரோ தாயோ சுட்டிக்காட்ட அது இடம் தருகிறது.

மனிதர் உரையாடலும் முறை மாற்றத்தால் இயங்குகிறது என்பதை ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கேல் ஜெஃபர்சன் ஆகியோர் 1974இல் எழுதிய கட்டுரை நிறுவியது. ஒருவர் பேசி முடிக்கும் இடத்தை மற்றவர் முன்கூட்டியே ஊகித்துத் தொடங்குகிறார். 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், வினாவுக்கும் விடைக்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருப்பது தெரியவந்தது. அவ்வளவு குறுகிய நேரத்தில் ‘இப்போது என் முறை’ என்று கண்டுகொள்ளும் திறன் பெரும்பாலோர்க்கு இயல்பாக வாய்க்கிறது. தன்னிணைவு உடைய குழந்தைகள் பலருக்கும் கவனக்குறைவும் மிகை இயக்கமும் உடைய குழந்தைகள் பலருக்கும் அது எளிதில் வாய்ப்பதில்லை. பேச்சில் முறை கண்ணுக்குத் தெரியாது. பலகை ஆட்டத்தில் முறை கையில் இருக்கிறது; பகடை யாரிடம் உள்ளதோ அவருடைய முறை அது. உரையாடலின் மிகக் கடினமான பகுதியை, தொட்டு உணரக்கூடிய பொருளாக மாற்றித் தருகிறது ஆட்டம். சிகிச்சையில் அதன் வலிமை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் ஆட்டச் சொற்கள் சில இன்னும் நுட்பமானவை. விதியை மீறி ஆடுவதை ‘அழுகுணி ஆட்டம்’ என்கிறோம். தோல்விக்கு அழுபவனும் தோல்வியை ஏற்காமல் ஏமாற்றுபவனும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். ஏமாற்றுதலுக்கு அடியில் தாங்க முடியாத வருத்தம் இருக்கிறது என்பதைச் சிகிச்சையாளர் பல அமர்வுகளில் கண்டறிகிறார். தெருவில் ஆடிய குழந்தைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

தாயத்தில் நகர்த்துவது காய். சுற்றி முடித்து வீடு சேர்ந்தால் அது பழம். தோழனிடம் பேச்சை முறித்தால் ‘காய்’ விட்டான் என்கிறோம். மீண்டும் சேர்ந்தால் ‘பழம்’ விட்டான் என்கிறோம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் வாதிடவில்லை. குழந்தையின் நாவில் இவ்விரு வழக்குகளும் ஒருங்கே வாழ்கின்றன என்பது போதும். பிணக்கு முடிவன்று, காய் பழுக்கும் என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

இன்னொரு சொல் ‘ஒப்புக்குச் சப்பாணி’. ஆட்டத்தின் முழு விதியையும் பின்பற்ற இயலாத சிறு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, ஆனால் ஆட்டமிழப்பு இல்லை என்று விலக்களிக்கும் ஏற்பாடு அது. 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் கற்றலுக்குச் ‘சாரம்’ கட்டுதல் என்ற உருவகத்தை முன்வைத்தனர். கட்டடம் எழும்வரை சாரம் தாங்கும், எழுந்தபின் பிரிக்கப்படும். தெருவில் இதற்கிணையான ஏற்பாடு முன்பே இருந்தது. ஆயினும் இதைப் புகழ்ந்து முடித்துவிட முடியாது. சப்பாணி என்னும் சொல் ஊனத்தைச் சுட்டிப் புண்படுத்துவது. மேலும், சிறு பிள்ளை வளர்ந்ததும் முழு ஆட்டக்காரனாகிவிடுவான். வளர்ச்சியில் வேறுபாடு உடைய குழந்தையோ ஆண்டுக்கணக்கில் ஒப்புக்காகவே நின்று, ஒருநாள் ஆட்டத்துக்கு அழைக்கப்படாமலே போய்விடுவான். சாரத்தை எப்போது, எப்படிப் பிரிப்பது என்று தெருவுக்குத் தெரியாது. அதைத் திட்டமிட்டுச் செய்வது சிகிச்சையின் பணி. பழமை தானே குணப்படுத்தும் என்று நம்புவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

*அடுகோடி*

இனி அடுகோடிக்கு வருவோம். ஓசூர் சாலையில், அடுகோடியை ஒட்டிய லக்கசந்திரா பகுதியில் அமைந்துள்ள நிம்ஹான்ஸின் வரலாறு 1847இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மனநலக் காப்பகத்திலிருந்து தொடங்குகிறது. 1925இல் மைசூர் அரசு அதற்கு மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றியது. பாவாணர் நூல் வெளிவந்த அதே 1954இல் இங்கே அகில இந்திய மனநல நிறுவனம் தோன்றியது, எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர். மருத்துவ உளவியலில் முறையான பயிற்சி இந்தியாவில் வேரூன்றியது இந்நிறுவனத்தின் வழியாகவே. மருத்துவமனையும் நிறுவனமும் 1974 டிசம்பர் 27 அன்று இணைந்து இன்றைய தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமாயின.

இங்கே மருத்துவ உளவியல் பேராசிரியராக இருந்த மாளவிகா கபூர், இந்தியக் குழந்தைகளின் உளநலத்தை இந்தியச் சூழலிலிருந்தே பார்க்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதியவர். 1995இல் ‘இந்தியக் குழந்தைகளின் உளநலம்’ பற்றியும், 1997இல் இந்தியப் பள்ளிகளில் உளநலம் பற்றியும் அவருடைய ஆங்கில நூல்கள் வெளிவந்தன. 2007இல் வெளிவந்த நூலின் தலைப்பே, குழந்தைகளுக்கு எதைக் கற்பிப்பது என்பதைக் குழந்தைகளிடமிருந்தே கற்றல் என்ற பொருள் தருவது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் முன்வைத்த வாழ்க்கைத் திறன் கல்வியை, நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஸ்ரீகலா பரத், கிஷோர் குமார் ஆகியோர் கர்நாடகப் பள்ளிகளுக்கு ஏற்றவாறு அமைத்தனர். ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, செயல்பாடுகள் வழி நடத்தப்பட்ட அத்திட்டத்தின் பயனை 2010இல் வெளியிட்டனர். சமூகத் திறனை மருத்துவமனை அறைக்கு வெளியே, குழந்தை இருக்கும் இடத்திலேயே கற்பிக்கும் எண்ணம் இவ்வூருக்குப் புதிதன்று என்பதைக் காட்டவே இவற்றைச் சொல்கிறேன்.

அடுகோடிக் குழந்தை இருக்கும் இடம் எது? 1950களில் இங்கே எழுந்த மைக்கோ தொழிற்சாலையும், அதைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளும், கட்டட வேலைகளும் பல மொழி பேசுவோரை இப்பகுதிக்குக் கொண்டுவந்தன. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கும் உருதும், பள்ளியில் ஆங்கிலம் என்பது இங்கே ஒரு சாதாரணக் குழந்தையின் நாள். ‘என் முறை’ என்று வீட்டில் சொல்லும் குழந்தை, தெருவில் கன்னடத்தில் ‘சரதி’ என்று கேட்கிறது; தெலுங்குத் தோழி ‘வந்து’ என்கிறாள்; சிகிச்சை அறையில் ‘டர்ன்’. இயல்பாக வளரும் குழந்தை இந்நான்கையும் சில நாள்களில் இணைத்துக்கொள்ளும். ஒரு சூழலில் கற்றதை மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லுதலே எந்தக் குழந்தைக்குக் கடினமோ, அக்குழந்தைக்கு இவை நான்கு தனித்தனிப் பாடங்கள். அவற்றுள் ஒன்றில் மட்டும் தேர்ச்சி பெற்று, மற்ற மூன்றிலும் ‘அடங்காதவன்’ என்று பெயரெடுக்க நேரலாம்.

*அறையின் கதவுக்கு வெளியே*

நடத்தைச் சிகிச்சையின் பழைய சிக்கல் இது. 1977இல் ட்ரெவர் ஸ்டோக்ஸும் டொனால்டு பேரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கற்பித்த திறன் கற்பித்த இடத்தைத் தாண்டிப் பரவுவதைப் பற்றியது. பெரும்பாலோர் கையாளும் வழிக்கு அவர்கள் இட்ட பெயர், ‘பயிற்று, பிறகு நம்பியிரு’ என்னும் பொருள்படுவது. பரவல் தானே நிகழாது. அதையும் திட்டமிட வேண்டும் என்று கூறி, அதற்கான வழிகளைப் பட்டியலிட்டனர். அவற்றுள் ஒன்று: குழந்தையின் அன்றாட வாழ்வில் இருக்கும் பொருள்களையும் மனிதர்களையும் சொற்களையும் பயிற்சிக்குள் கொண்டுவருதல்.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தன்னிணைவு உடைய குழந்தைகளுக்குப் பள்ளிகளில் நடத்தப்பட்ட சமூகத் திறன் பயிற்சிகள் குறித்த 55 ஆய்வுகளை ஸ்காட் பெல்லினியும் உடனாய்வாளர்களும் 2007இல் தொகுத்து ஆராய்ந்தனர். மொத்தத்தில் பயன் மிகக் குறைவாகவே இருந்தது. குழந்தையைத் தனியே அழைத்துச் சென்று பயிற்றியதைவிட, வழக்கமான வகுப்பறையில் பயிற்றியபோது விளைவு நன்றாக இருந்தது. இடமே பாடத்தின் ஒரு பகுதி என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்தால் என் வாதம் தெளிவாகும். சிகிச்சை அறையில் தாயமோ சௌகாபாராவோ இடம்பெற வேண்டும் என்று நான் சொல்வது பண்பாட்டுப் பெருமிதத்துக்காக அன்று. லூடோவைவிடத் தாயம் உயர்ந்தது என்ற வாதமும் எனக்கில்லை. இரண்டும் ஒரு குடும்பம். வாரம் ஒரு மணி நேரம் சிகிச்சையாளரோடு ஆடிய அதே ஆட்டத்தை, அதே சொற்களோடு, பாட்டியுடனும் அக்காவுடனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையுடனும் ஆட முடிந்தால், திறன் அறையின் கதவைத் தாண்டுவதற்கு ஒரு பாலம் கிடைக்கிறது. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்து, புளியங்கொட்டையை ஒருபக்கம் உரசி எடுத்தால் ஆட்டம் தயார். செலவு இல்லை. ஒரு வீட்டில் எல்லாரும் லூடோ ஆடுகிறார்கள் என்றால் அங்கே லூடோவே அந்தப் பாலம். ‘எது நம்முடையது’ என்று கேட்பதைவிட ‘இந்தக் குழந்தையின் வீட்டில் யார், எதை, எந்தச் சொற்களால் ஆடுகிறார்கள்’ என்று கேட்பது பயனுடையது.

இதனால் சிகிச்சையாளரின் வேலை குறையாது, கூடும். முதல் அமர்விலேயே வீட்டின் ஆட்டச் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வெட்டு விதி வீட்டுக்கு வீடு வேறுபடும். அதைக் கற்க வேண்டும். முதலில் இருவர் ஆடும் சிறிய கட்டம், வெட்டு இல்லாத ஆட்டம், பிறகு வெட்டோடு, பிறகு மூன்றாம் ஆளோடு, பிறகு வீட்டில், பிறகு தெருவில் என்று படிப்படியாகக் கொண்டு செல்ல வேண்டும். ஒவ்வொரு படியிலும் உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பாட்டிக்கும் சில செய்திகள் சொல்லித்தர வேண்டும்: பேரன் அழுதால் விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள், அவன் காத்திருந்ததைக் கவனித்தால் அப்போதே சொல்லிப் பாராட்டுங்கள், ஆட்டத்தை அவன் களைப்படையும் முன் நிறுத்துங்கள்.

வைகுண்டம் சேர்க்கும் படமாகவும், ஒழுக்கம் புகட்டும் அட்டையாகவும், வாய் திறக்க வைக்கும் சாக்காகவும் இருந்த பலகை, இன்று பழக்கம் பயிலும் களமாக இருக்கிறது. நான்கு வடிவங்களிலும் எதிரெதிரே இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் உருட்ட மற்றவர் காத்திருந்தார். கற்பிப்போர் நெடுங்காலம் கட்டத்தில் எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தனர். குழந்தைகள் கற்றது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுகோடி, விவேக்நகர், அல்சூர், கோலார் தங்கவயல் எனக் கர்நாடகத் தமிழ்க் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களும், பிற ஊர்க்காரர்களும், உங்கள் வீட்டில் வழங்கிய ஆட்டச் சொற்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். முறையை எப்படிக் கேட்பீர்கள்? ஏமாற்றினால் என்ன சொல்வீர்கள்? ஆட முடியாத சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்போது அவனுக்கு என்ன பெயர்? தமிழோடு கன்னடமோ தெலுங்கோ உருதுவோ கலந்த சொற்களாக இருந்தால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஊர் பெயரும் ஏறத்தாழ எந்த ஆண்டுகள் என்பதும் சேர்ந்திருந்தால் போதும். தொகுத்து, அகரவரிசைப்படுத்தி, குழந்தைகளோடு பணிபுரியும் எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.